இதழுக்கு ஃப்ரீசர் பேப்பர், வட்டத்துக்கு ஃபாயில்: அடுப்படித் தாள்களை வைத்து அப்ளிக் பூ தைக்கலாம்

துணி மேல் துணி வைத்துப் பூ தைக்க ஆரம்பித்து, இதழின் வளைவெல்லாம் முக்கு முக்காகத் துருத்திக்கொண்டு நின்றதில் வெறுத்துப்போய்ப் பாதியில் மடித்து வைத்திருக்கிறீர்களா? எடுங்கள் அதை. குஷன் உறைக்கு ஐந்து இதழும் நடுவில் ஒரு வட்டமும் தைக்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம், அடுப்படியில் வழவழவென்று இருக்கிற தாளெல்லாம் ஒன்றல்ல. ஃப்ரீசர் பேப்பர் என்பது அமெரிக்க வீடுகளில் இறைச்சியைச் சுற்றி ஃப்ரீசரில் வைக்க வாங்குவது (நம் ஊரில் ஆன்லைனில்தான் தேட வேண்டும்). ஒரு பக்கம் வெறும் தாள், மறுபக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. சூடு பட்டால் அந்தப் பூச்சு துணியில் லேசாக ஒட்டும், உரித்தால் கறை இல்லாமல் வந்துவிடும். கேக் தட்டில் விரிக்கிற பேக்கிங் பேப்பரில் சிலிக்கான் பூச்சு இருப்பதால் எதுவும் ஒட்டாது. வேக்ஸ் பேப்பரில் இருப்பது மெழுகு. எல்லாம் ஒன்றுதானே என்று நான் ஒருமுறை வேக்ஸ் பேப்பரைப் போட்டுத் தேய்த்ததில் மெழுகு உருகித் துணியிலும் இஸ்திரிப் பெட்டியின் அடியிலும் அப்பிக்கொண்டது, பழுப்புக் காகிதம் வைத்துத் தேய்த்துத் தேய்த்தே அதை எடுக்க வேண்டியதாயிற்று. கடையில் பட்டர் பேப்பர் என்று கேட்டால் எது வேண்டுமானாலும் வரலாம், அதனால் முதலில் ஒரு துண்டைப் பழைய துணிகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிடுங்கள்.

சரி, இதழுக்கு வருவோம். ஃப்ரீசர் பேப்பரின் தாள் பக்கத்தில் இதழை வரைந்து, கோட்டின் மேலேயே வெட்டுங்கள். (துணிக் கத்தரியால் வேண்டாம், முனை மழுங்கிவிடும்.) பளபளப்பான பக்கம் கீழே இருக்கும்படி துணியின் நல்ல பக்கத்தில் வைத்து, நீராவி இல்லாமல் ஐந்தாறு விநாடி அழுத்துங்கள். ஆறியதும் தாளைச் சுற்றிக் கால் அங்குலம் விட்டுத் துணியை வெட்டி, குஷன் துணியில் குண்டூசி குத்தி, அந்தக் கால் அங்குலத்தை ஊசி முனையாலேயே உள்ளே தள்ளித் தள்ளித் தாளின் ஓரத்தை ஒட்டி ஹெம்மிங் போடுங்கள். தாள்தான் உங்களுக்குக் கோடு, கண்ணுக்கு எதிரிலேயே இருக்கும். முழுக்கத் தைத்தபின் உரித்து அடுத்த இதழுக்கு வைத்துக்கொள்ளலாம், ஒரே தாள் ஐந்து இதழுக்கும் தாங்கும்.

வட்டத்துக்கு அலுமினியம் ஃபாயில். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். பழைய கல்யாணப் பத்திரிகையில் வட்டம் வெட்டுங்கள், ஆனால் ஜிகினாவும் பிளாஸ்டிக் பூச்சும் இல்லாத அட்டையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மாப்பிள்ளை பெயர் துணியில் பதிந்துவிடும். துணியை அதைவிடச் சுற்றிலும் கால் அங்குலம் பெரிதாக வெட்டி, ஓரத்தில் கஞ்சி தடவுங்கள். கீழே ஃபாயில், அதன்மேல் நல்ல பக்கம் கீழே பார்க்கத் துணி, நடுவில் அட்டை. இப்போது ஃபாயிலை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்பக்கம் மடக்குங்கள், துணியும் கூடவே மடங்கி வரும். விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள், எங்காவது முக்கு தட்டுப்பட்டால் பிரித்து அந்த இடத்தை மட்டும் மறுபடி மடக்குங்கள். பிறகு நல்ல சூட்டில் இருபுறமும் தேய்த்து அப்படியே விட்டுவிடுங்கள். உடனே பிரித்தால் விரல் சுடும், மடிப்பும் படியாது. ஆறியதும் பிரித்து அட்டையை உருவிவிட்டு ஓரத்தை இன்னொரு தடவை தேய்த்தால், காசு மாதிரி வட்டம் கையில் இருக்கும். இதழ்களின் நடுவில் வைத்துத் தைத்துவிடுங்கள்.

கையால் தைக்கப் பொறுமை இல்லாதவர்கள் ஃப்யூசிங் (சூட்டில் உருகித் துணியோடு துணியை ஒட்டுகிற பசை விரிப்பு) வைத்து ஒட்டுவார்கள். அப்படியானால் மேலே ஒன்று கீழே ஒன்று என்று பேக்கிங் பேப்பர் போட்டுத் தேய்க்க வேண்டும், வெளியே பிதுங்குகிற பசை இஸ்திரிப் பெட்டிக்குப் போகாமல் தாளோடு நின்றுவிடும்.