தவறான விடையை மறைக்காத வகுப்பறை

கணக்குப் போடும்போது இடது கையை வளைத்து நோட்டை மறைத்துக்கொள்ளும் குழந்தையைப் பெரும்பாலான ஆசிரியர்கள் பார்த்திருப்பார்கள். நான் பாடம் நடத்திய மூன்றாம் வகுப்பு ஒன்றிலும் அப்படி ஒரு சிறுமி இருந்தாள். எழுதுவாள், யாராவது அருகில் வந்தால் அழிப்பாள், அவர்கள் நகர்ந்ததும் மறுபடி எழுதுவாள். அவளுடைய நோட்டில் சில பக்கங்கள் ரப்பர் தேய்த்துத் தேய்த்தே ஓட்டை விழுந்திருந்தன. பக்கத்துப் பிள்ளை பார்த்து எழுதிவிடக் கூடாது என்று மறைக்கிறாள் என நினைத்தேன். நான் அருகில் செல்லும்போதுதான் அந்தக் கை இன்னும் இறுக வளைகிறது என்பதைக் கவனிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

பாதுகாப்பான கற்றல் சூழல் என்றவுடன் சுற்றுச்சுவர், கண்காணிப்புக் கேமரா, முதலுதவிப் பெட்டி ஆகியவைதான் நம் நினைவுக்கு வருகின்றன. இவை அனைத்தும் வேண்டும். இவற்றில் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வகுப்பறை குழந்தைக்குப் பாதுகாப்பானதா என்று கண்டறிய நான் பார்ப்பது ஒன்றையே: அங்குள்ள குழந்தையால் தன் தவறான விடையை மறைக்காமல் காட்ட முடிகிறதா?

அச்சம் கற்றலைத் தடுப்பதற்கு உடலியல் காரணம் ஒன்று உண்டு. ஆபத்து என்று உணர்ந்த மறுகணமே உடலில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அதைத் தொடர்ந்து கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் கூடுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. படித்ததை மனதில் நிறுத்தி, அதைக்கொண்டு அடுத்த படிக்கு நகர உதவும் மூளையின் முன்பகுதி அந்த நேரத்தில் சரிவர இயங்குவதில்லை. வீட்டில் தடையின்றி ஒப்பித்த வாய்ப்பாடு, வகுப்பில் எழுந்து நின்றதும் மறந்துபோவது இதனால்தான். அந்தப் பிள்ளையைப் பார்த்து "படிக்கவே இல்லை" என்று சொல்வது அநியாயம்.

மாற்றத்தைக் கேள்வி கேட்கும் முறையிலிருந்தே தொடங்கலாம். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ வகுப்பறை உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து, ஆசிரியர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு விடைக்காகச் சுமார் 1 விநாடியே காத்திருக்கிறார்கள் என்று 1970களில் எடுத்துக்காட்டினார். அந்த இடைவெளியை 3 விநாடியாகக் கூட்டியபோது விடைகள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். 3 விநாடி என்பது சொல்வதற்கு எளிது. வகுப்பு முழுவதும் அமைதியாக இருக்கும்போது அது மிக நீளமாகத் தோன்றும். கேள்வியைக் கேட்டபின் மனத்துக்குள் மெதுவாக மூன்று எண்ணுங்கள். அதற்குள் உயரும் முதல் கையை அழைத்துவிடாதீர்கள்.

அடுத்து, விடை தவறாக வரும்போது என்ன சொல்வது? 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால், சில பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். அது கவனக்குறைவால் வந்த தவறன்று. 2இலிருந்து 7ஐக் கழிக்க முடியாது என்பதால், 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்று எழுதியிருக்கிறார்கள். பிறகு 5இலிருந்து 2ஐக் கழித்து 3 என்று எழுதியிருக்கிறார்கள். பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று முன்பு நாமே கற்றுக்கொடுத்த விதியைத்தான் அவர்கள் பின்பற்றியிருக்கிறார்கள். "தப்பு, மறுபடி போடு" என்று சொன்னால் இது எதுவும் வெளியே தெரியாது. "இந்த விடை எப்படி வந்தது, சொல் பார்க்கலாம்" என்று கேட்டால் குழந்தையே தன் வழியை விளக்கும். எங்கே கைகொடுக்க வேண்டும் என்று நமக்கும் புரியும். இதில் ஒரு எச்சரிக்கை தேவை. தவறான விடைக்கு மட்டும் இப்படிக் கேட்டால், "எப்படி வந்தது?" என்றாலே தப்பு என்று பிள்ளைகள் சில நாட்களில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே சரியான விடை சொன்னவரிடமும் இதே கேள்வியை, இதே குரலில் கேளுங்கள்.

அந்தச் சிறுமியிடம் நான் செய்ததும் இவ்வளவுதான். அவளுடைய மேசைக்குப் போகும்போது நின்றபடி குனிந்து பார்ப்பதை விட்டு, பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். அழிக்க வேண்டாம், வேண்டாத விடையின் மேல் ஒரு கோடு போட்டால் போதும் என்று வகுப்பு முழுவதற்கும் சொன்னேன். கரும்பலகையில் நான் தவறு செய்தபோது அதையும் அழிக்காமல் கோடு போட்டுக் காட்டினேன். கை ஒரே நாளில் விலகிவிடவில்லை. பருவத் தேர்வு நெருங்கிய சமயத்தில், ஒரு நாள் நோட்டை என் பக்கம் திருப்பி, "டீச்சர், இந்த இடத்துக்கு மேல எனக்குப் போகத் தெரியல" என்றாள்.

மதிப்பெண்ணை வகுப்பில் உரக்க வாசிப்பதையும், ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடுவதையும் இன்றோடு நிறுத்திவிடலாம். விடைத்தாளைக் கவிழ்த்து வைத்துக் கொடுத்தால் போதும். காட்ட விரும்பும் பிள்ளை தானாகக் காட்டும்.

வகுப்பறையைச் சோதிக்க எளிய வழி, அங்கே குழந்தையாக உட்கார்ந்து பார்ப்பது. கடைசி வரிசையில், குழந்தையின் நாற்காலியில் அமர்ந்து, உடன் பணிபுரியும் ஒருவரைக் கரும்பலகையை நோக்கித் திரும்பியபடி பேசச் சொல்லுங்கள். பெரியவர்கள் விட்டுப்போன சொல்லை ஊகித்து நிரப்பிக்கொள்வார்கள். மொழியை இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அந்த வசதி இல்லை. வகுப்பறையில் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மூடி, சன்னலுக்குத் திரைச்சீலை போன்ற சிறிய ஏற்பாடுகளே ஓரளவு உதவும். பலகையில் வெயில் பட்டுக் கண் கூசுகிறதா, செவித்திறன் குறைந்த பிள்ளைக்கு உங்கள் முகம் தெரிகிறதா, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை யாரையும் எழுப்பாமல் தன் இடத்துக்குப் போக முடிகிறதா என்பதையும் அதே நாற்காலியிலிருந்து பார்த்துவிடலாம். கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளை மறந்துவிடாதீர்கள். தாழ்ப்பாள் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் அதை யாரிடமும் சொல்வதில்லை.

விதிகள் நான்கோ ஐந்தோ இருந்தால் போதும். அவற்றைப் பிள்ளைகளோடு பேசி உருவாக்கி, மீறினால் என்ன நடக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அன்றைய பாட வரிசையைக் காலையில் பலகையில் எழுதிவைப்பதும் பயன் தரும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத வீட்டுச் சூழலிலிருந்து வரும் குழந்தைக்கு அந்த நான்கு வரிகளே ஒரு பிடிமானம்.

அடிக்கக் கூடாது என்பதைத் தனியாக விளக்கத் தேவையில்லை என்று எண்ணலாம். ஆனாலும் சொல்லியாக வேண்டியிருக்கிறது. ஸ்வீடன் 1979இல் வீட்டிலும்கூடப் பிள்ளைகளை அடிப்பதைச் சட்டத்தால் தடுத்தது. 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, பள்ளி ஒழுங்குமுறை குழந்தையின் மனித மாண்புக்கு இசைந்ததாக இருக்க வேண்டும் என்று தன் 28ஆம் பிரிவில் கூறுகிறது. மாண்பு என்ற சொல்லை நாம் ஊன்றிப் படிக்க வேண்டும். பட்டப்பெயர் வைப்பதும், வகுப்பின் முன் நிறுத்திச் சிரிக்கவைப்பதும், குடும்பத்தை இழுத்துப் பேசுவதும் பிரம்பு இல்லாத அடிகளே. கோபத்தில் ஒரு சொல் தவறி வந்துவிட்டால், எத்தனை பேர் முன்னிலையில் சொன்னோமோ அத்தனை பேர் முன்னிலையிலேயே வருத்தம் தெரிவிக்க வேண்டும். அதனால் ஆசிரியரின் மரியாதை குறையும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. என் அனுபவத்தில் அப்படி ஒருமுறைகூட நடந்ததில்லை.

சக மாணவர்களின் சீண்டல் பெரும்பாலும் பெரியவர்களின் பார்வை படாத இடத்தில்தான் நடக்கும்: தாழ்வாரத் திருப்பம், கழிப்பறை, விளையாட்டு மைதானத்தின் ஓரம், ஒரு பாடவேளை முடிந்து அடுத்தது தொடங்கும் முன் உள்ள ஐந்து நிமிடம். அந்த நேரங்களில் அந்த இடங்களில் பெரியவர் ஒருவர் நடமாட வேண்டும். விசாரிக்கும்போது சீண்டியவரையும் சீண்டப்பட்டவரையும் எதிரெதிரே நிறுத்தாதீர்கள். கைகுலுக்கிச் சமாதானமாகச் சொல்லாதீர்கள். அஞ்சும் பிள்ளை நம் முன்னிலையில் கைகுலுக்கிவிட்டு, அதற்கான விலையை வெளியே போய்க் கொடுக்கும். இருவரிடமும் தனித்தனியாகப் பேசி, அடுத்த சில வாரங்களுக்கு நிலைமையைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பார்த்துக்கொண்டு நின்றவர்களிடமும் பேசுவது அவசியம். கனடாவில் பள்ளி மைதானங்களைக் கூர்ந்து கவனித்து 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உடனிருந்த பிள்ளைகள் தலையிட்ட நிகழ்வுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் சீண்டல் 10 விநாடிக்குள் நின்றது. நேரடியாக மோதச் சொல்ல வேண்டாம். "வா, நாம விளையாடப் போகலாம்" என்று சீண்டப்படுபவரை அழைத்துக்கொண்டு போகவும், பெரியவர் ஒருவரிடம் சொல்லவும் பழக்குங்கள்.

இவை எல்லாவற்றையும்விடக் கவனமாக நடந்துகொள்ள வேண்டிய ஒரு தருணம் உண்டு. தன்னை யாரோ துன்புறுத்துகிறார்கள் என்று ஒரு குழந்தை உங்களிடம் சொல்ல வரும்போது, கையிலுள்ள வேலையை விட்டுவிடுங்கள். இடைமறிக்காமல் கேளுங்கள். "அவர் இப்படிச் செய்தாரா?" என்று விடையை நாமே எடுத்துக்கொடுக்கும் கேள்விகளைத் தவிர்த்து, "அப்புறம் என்ன நடந்தது?" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிர்ச்சியை முகத்தில் காட்டினால் குழந்தை பாதியிலேயே பேச்சை விட்டுவிடும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனெனில் அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது, காப்பாற்றவும் கூடாது. "நீ சொன்னது நல்லது, இதில் உன் தப்பு எதுவும் இல்லை, உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் நான் சொல்லப்போகிறேன்" என்று சொல்லுங்கள். குழந்தை பயன்படுத்திய சொற்களையே, தேதி நேரத்தோடு, அன்றே எழுதி வையுங்கள். பிறகு சட்டப்படி யாரிடம் தெரிவிக்க வேண்டுமோ அவர்களிடம் தாமதமின்றித் தெரிவியுங்கள். நாமே துப்பறியத் தொடங்குவதும், குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்துக் கேட்பதும் குழந்தையை மேலும் ஆபத்தில் தள்ளும்.

பிள்ளைகளே சொல்லாத ஆபத்துகளைத் தெரிந்துகொள்ள, பள்ளியின் எளிய வரைபடம் ஒன்றை நகலெடுத்து, பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லி எல்லோரிடமும் கொடுங்கள். மனத்துக்குப் பிடித்த இடத்துக்குப் பச்சையும், போகப் பயமாக இருக்கும் இடத்துக்குச் சிவப்பும் பூசட்டும். அதிகம் சிவந்த இடத்துக்கு அன்றே நேரில் போய்ப் பாருங்கள். அங்கே என்ன மாற்றினீர்கள் என்பதை வகுப்பில் சொல்லுங்கள்; ஒரு மாதம் கழித்து அதே வரைபடத்தை மறுபடி கொடுங்கள்.