முட்டி வலியா, பர்ஸா வீக்கமா? விரல வச்சே ஓரளவு கண்டுபிடிக்கலாம்

முட்டி வலின்னாலே தேய்மானம்னு முடிவு கட்டிடுறோம், ஆனா வலிக்கிற எடத்த ஒத்த விரலால தொட்டுக் காட்ட முடியுதுன்னா பர்ஸாவையும் கொஞ்சம் சந்தேகப்படுங்க. எலும்பு மேல தசைநாணும் தோலும் உரசாம வழுக்கிட்டுப் போறதுக்காக இருக்குற சின்னப் பைதான் பர்ஸா, முட்டியச் சுத்தி மட்டும் பத்துக்கு மேல இருக்கு, சாதாரணமா உள்ள துளி திரவம்தான் இருக்கும், உரசல் ஜாஸ்தியானாலோ அடிபட்டாலோ அதோட சவ்வு திரவத்த அதிகமா சுரந்து பை உப்பிடும்.

உக்காந்துட்டு முட்டிய லேசா மடக்குங்க. முட்டிச் சில்லு மேலயே மெத்துன்னு முட்டை மாதிரி இருக்கா? முட்டி போட்டு வேலை செய்றவங்களுக்கு வர்றது அது. சில்லுக்குக் கீழ இருக்கற தசைநாண் பக்கம்னா அது வேற பர்ஸா.

அடுத்தது உள்பக்கம், இதத்தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. முட்டி மடங்குற கோட்டுலேருந்து சுமார் 5 செ.மீ. கீழ அழுத்திப் பாருங்க. தொடையிலேருந்து வர்ற சார்டோரியஸ், கிராசிலிஸ், செமிடென்டினோசஸ்னு மூணு தசைநாண் வாத்துக் கால் மாதிரி விரிஞ்சு ஒட்டுற எடம், பர்ஸா அதுக்கு அடியில இருக்கு. படி ஏறும்போது, சேர்லேருந்து எந்திரிக்கும்போது, ஒருக்களிச்சுப் படுத்து ரெண்டு முட்டியும் ஒண்ணோட ஒண்ணு இடிக்கும்போது சுருக்குன்னு இருக்கும். ஆனா இங்க வலிக்கிற எல்லாருக்கும் ஸ்கேன்ல பை வீங்கியிருக்காது, தசைநாணே நொந்துபோயிருக்கலாம், வைத்தியம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

அதாவது வலிய கிளப்புற வேலைய கொஞ்ச நாள் நிறுத்துங்க, ஐஸ துணியில சுத்தி 15 நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு தடவ, தூங்கும்போது முட்டிங்களுக்கு நடுவுல ஒரு தலகாணி (இது சின்ன விஷயம்தான், ஆனா ராத்திரி வலிக்கு செம உதவி), வலி அடங்குனதும் தொடையோட பின்பக்கத்த மெதுவா ஸ்ட்ரெச் பண்ணுங்க.

முட்டிக்குப் பின்னாடி, கால நீட்டுனா கெட்டியாகி மடக்குனா தளர்ற கட்டின்னா பேக்கர் சிஸ்ட்டா (திரவம் சேர்ந்து உப்புற பை) இருக்கலாம், பெரியவங்களுக்கு அது பெரும்பாலும் மூட்டுக்குள்ள இருக்குற கோளாறோட அறிகுறி, அதனால ஐஸோட விட்டுறாதீங்க. கெண்டைக்கால் திடீர்னு வீங்கினா ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சதாவும் இருக்கலாம், உடனே போய்க் காட்டுங்க.

சில்லு மேல செவந்து, தொட்டா சூடா, கூடவே காய்ச்சலோ தோல்ல கீறலோ இருந்தா கிருமி உள்ள போயிருக்கலாம். அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க, அவங்க ஊசியில கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க, நீங்களா குத்தி நீரெடுக்குற வேலை மட்டும் வேணவே வேணாம்.