நாலு பேர் மிஞ்சிய மேசையில் போக்கர்: காத்திருக்காமல் ரெய்ஸ் செய்வது எப்படி?

தீபாவளி இரவு ஈசூனில் சித்தப்பாவின் வீவக வீட்டில் ஒன்பது பேராக ஹோல்டம் (ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து பொதுச் சீட்டு வைத்து ஆடும் போக்கர்) ஆட உட்கார்ந்தோம். கடைசி எம்ஆர்டியைப் பிடிக்க ஐந்து பேர் கிளம்பினார்கள். அதுவரை நன்றாகச் சில்லு சேர்த்திருந்த என் தங்கை, அடுத்த ஒரு மணி நேரத்தில் பாதியை விட்டுவிட்டாள். நல்ல சீட்டு வரட்டும் என்று காத்திருந்ததுதான் காரணம். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

படி 1: பிளைண்டைக் கணக்குப் பாருங்கள்

பிளைண்ட் என்பது சீட்டு வருமுன் இருவர் முறை வைத்துக் கட்டாயமாக வைக்கும் பணம். எங்கள் சின்ன பிளைண்ட் 20 காசு, பெரிய பிளைண்ட் 40 காசு. ஒரு சுற்றுக்கு ஒருவருக்கு 60 காசு போகும். ஒன்பது பேர் இருந்தால் 36 ஆட்டத்தில் நாலு சுற்று, 2.40 வெள்ளி. நாலு பேர் என்றால் அதே 36 ஆட்டத்தில் ஒன்பது சுற்று, 5.40 வெள்ளி. சீட்டோ முன்பு வந்த அளவுக்குத்தான் வரும்.

படி 2: கால் செய்து நுழையாதீர்கள்

உங்களுக்கு முன் யாரும் ரெய்ஸ் செய்யவில்லையா, அதாவது பந்தயத்தை உயர்த்தவில்லையா? கால் செய்து, அதாவது இருக்கும் பந்தயத்துக்குச் சமமாக மட்டும் வைத்து, உள்ளே போகாதீர்கள். ரெய்ஸ் அல்லது ஃபோல்ட் (சீட்டை மடித்து விலகுவது), இரண்டில் ஒன்று. பெரிய பிளைண்டைப் போல் இரண்டரை மடங்கு போதும்.

படி 3: பட்டனில் துணியுங்கள்

இதுதான் முக்கியமான படி. பட்டன் என்பது சீட்டுப் பகிர்பவரின் இடம்; ஆட்டத்துக்கு ஆட்டம் அடுத்தவருக்கு நகரும். ஜாக்கி ஜோடியோ அதற்கு மேலோ, அல்லது ஏஸ்-ராஜாவோ ஒருவர் கையில் இருக்க வாய்ப்பு 3 சதவீதம். பின்னால் எட்டுப் பேர் இருந்தால், யாராவது ஒருவரிடம் அது இருக்க சுமார் 22 சதவீத வாய்ப்பு. பட்டனில் உங்களுக்குப் பின்னால் பிளைண்ட் இருவர் மட்டுமே. அங்கே அது 6 சதவீதம்தான். ஆகவே எந்த ஜோடியும், எந்த ஏஸும், இரண்டு படச் சீட்டும், ராஜா-ஒன்பதும்கூட ரெய்ஸுக்கு ஆகும்.

அன்று எனக்கு ராஜா-ஒன்பது வந்தது. முதல் ஆள் ஃபோல்ட். 1 வெள்ளிக்கு ரெய்ஸ் செய்தேன். சின்ன பிளைண்ட் விலக, பெரிய பிளைண்டில் இருந்த சித்தப்பா கால் செய்தார். பாட் (நடுவில் சேர்ந்த பணம்) 2.20 வெள்ளி.

படி 4: ஃபிளாப்பிலும் விடாதீர்கள்

ஃபிளாப்பில், அதாவது முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில், ஏஸ், ஏழு, இரண்டு. மூன்றும் வேறு வேறு சாதி. சித்தப்பா செக், அதாவது பணம் வைக்காமல் விட்டார். எனக்கு எதுவும் சேரவில்லை, ஆனாலும் 1.10 வெள்ளி வைத்தேன். பாட் தொகையில் பாதியை வைத்தால், மூன்றில் ஒரு தடவை அவர் விலகினாலே கைக்கு நட்டமில்லை. கையில் ஜோடி இல்லாதவருக்கு மூன்றில் இரண்டு தடவை ஃபிளாப்பில் ஜோடி சேராது. அதுவும் ஏஸ் விழுந்தால், ரெய்ஸ் செய்தவரிடம்தான் ஏஸ் இருக்கும் என்று எதிராளி பயப்படுவார். சித்தப்பா இரண்டு நொடி சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு மடித்தார்.

அவர் கால் செய்திருந்தால் டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) நான் செக் செய்திருப்பேன். எதையும் எளிதில் விடாதவர் எதிரே இருந்தால் வெறுங்கையோடு அடிக்கவே வேண்டாம். நல்ல ஜோடி கிடைத்ததும் பெரிதாக வையுங்கள்.

இருவர் மட்டும் மிஞ்சினால் பட்டன்தான் சின்ன பிளைண்ட். ஃபிளாப்புக்கு முன் பட்டனில் இருப்பவர் முதலில் பேச வேண்டும், பிறகு கடைசியில்.

சட்டம் பற்றியும் கேட்கிறார்கள். 2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் உள்ள சிங்கப்பூரின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வீட்டில் குடும்பத்தாரும் நண்பர்களும் நேரில் ஆடலாம். ஆட்டத்தை நடத்தி யாரும் லாபம் பார்க்கக் கூடாது. இணையத்தில் ஆட இந்த விலக்கு கிடையாது.

அடுத்த முறை ஆள் குறைந்ததும் எல்லாப் படியையும் ஒன்றாக முயலாமல், முதல் மூன்று சுற்றுக்குப் பட்டன் ரெய்ஸை மட்டும் செய்து பாருங்கள்.