ரேங்க் பட்டியலை மூடிவையுங்கள், ஓ.பி.ஆர். போடுங்கள்

பெங்களூரு அல்சூரில் என் வீட்டு மாடியில் ரோபோ கட்டும் பிள்ளைகள் எல்லோரும் கேட்கும் கேள்வி: "அக்கா, அடுத்த சுற்றுக்கு ரேங்க்ல முதல்ல இருக்கிற டீமைத்தானே கூட்டு சேர்க்கணும்?" இல்லைடா கண்ணா. எஃப்.டி.சி. (ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்ற மாணவர் ரோபோ போட்டி) தகுதிச் சுற்றில் இரண்டிரண்டு அணிகளாக ஆடுகிறீர்கள். யாரோடு யார் என்பது அட்டவணை கையில். ஜோடி நன்றாக அமைந்தால் சுமாரான ரோபோவும் மேலே ஏறிவிடும். கூட்டணி எடுத்த மொத்தத்தில் யார் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவதுதான் ஓ.பி.ஆர். (ஆஃபென்சிவ் பவர் ரேட்டிங்).

அ-ஆ 90, ஆ-இ 70, அ-இ 100 எடுத்ததாக வையுங்கள். கூட்டிப் பாதியாக்கினால் 130. அதில் ஆ-இ எடுத்த 70 போனால் அ-வுக்கு 60. அதேபோல ஆ 30, இ 40. நிஜத்தில் இவ்வளவு அழகாக விழாது. 24 அணி, ஆளுக்கு 5 ஆட்டம் என்றால் 60 ஸ்கோர். எல்லாவற்றோடும் ஒத்துப்போகும் 24 எண்கள் கிடைக்காது; பிழைகளின் (கணிப்புக்கும் ஸ்கோருக்கும் உள்ள வித்தியாசங்களின்) வர்க்கங்களைக் கூட்டினால் எதற்கு மிகக் குறைவாக வருகிறதோ அதுதான் விடை.

கூகுள் ஷீட் போதும். கூட்டணிக்கு ஒரு வரிசை, அணிக்கு ஒரு பத்தி. ஆடியவர்களுக்கு 1, மற்றவர்களுக்கு 0. பக்கத்தில் ஸ்கோர். எதிரணியின் ஃபவுலால் வந்த புள்ளிகளைக் கழித்துவிடுங்கள், அது உங்கள் ரோபோ சம்பாதித்ததல்ல. பிறகு லைன்எஸ்ட் (LINEST) ஃபார்முலா, மூன்றாவது இடத்தில் ஃபால்ஸ். விடை தலைகீழ் வரிசையில் வரும்: கடைசிப் பத்தி அணியின் எண்தான் முதலில் நிற்கும். பெயர் ஒட்டும்போது கவனம்!

இனி வரும் ஆட்டத்துக்கு இரு பக்கத்து எண்களையும் கூட்டி ஒப்பிடுங்கள். எவ்வளவு வித்தியாசம் இருந்தால் நம்பலாம்? முடிந்த ஆட்டங்களில் கணிப்பும் ஸ்கோரும் சராசரியாக எவ்வளவு விலகின என்று பாருங்கள். வித்தியாசம் அதைவிடக் குறைவென்றால் பூவா தலையாதான். ஆளுக்கு இரண்டு ஆட்டம்தான் முடிந்திருக்கிறதா? 24 எண்ணுக்கு 24 ஸ்கோர், பிழையைச் சமன்செய்ய மிச்சம் ஒன்றுமில்லை. அப்போது வரும் ஓ.பி.ஆரை நான் யாருக்கும் காட்டுவதில்லை.

கணக்கு சொல்லாத ஒன்று உண்டு. முதல் 30 வினாடி தானியங்கி நேரத்தில் இரண்டு ரோபோவும் ஒரே மூலைக்கு ஓடினால் 60-ம் 40-ம் சேர்ந்து 100 ஆகாது. அதனால் ஓ.பி.ஆரில் மேலே உள்ள ஐந்தாறு அணிகளைக் குறித்துக்கொண்டு, அவர்கள் ரோபோவைத் தயார் செய்யும் பிட்டுக்குப் போய், "எந்தப் பக்கம் நிறுத்துவீங்க, எந்த வழியா போகும்?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.