புது யோசனைகளைத் தொழிலில் வீணாக்கும் தவறுகள்

புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்றதும் எல்லோரையும் ஓர் அறையில் கூட்டி, "தோன்றுவதைச் சொல்லுங்கள்" என்பார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அதற்குள் மனதில் வந்தது மறந்துபோகும். மறக்காவிட்டாலும் "இதையெல்லாம் சொல்லலாமா" என்று அவர்களே அடக்கிக்கொள்வார்கள். முதலாளி வாயைத் திறந்துவிட்டால் அதன்பின் வருவதெல்லாம் அவர் சொன்னதையே சுற்றிவரும். 1958-இல் வெளிவந்த யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், கூடிப் பேசிய நால்வர் குழுவைவிட, தனித்தனியே யோசித்த நால்வரின் பட்டியல்களைச் சேர்த்தபோதுதான் அதிக யோசனைகள் கிடைத்தன.

ஆகவே முதலில் எழுதுங்கள், பிறகு பேசுங்கள். ஜெர்மனியில் பெர்ன்ட் ரோர்பாக் 1968-இல் வெளியிட்ட 6-3-5 முறை இதற்கு நன்றாக உதவும். ஆறு பேர் பேசாமல் ஆளுக்கு மூன்று யோசனைகளை ஐந்து நிமிடத்தில் எழுதி, தாளைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ள வேண்டும். அவர் அதைப் படித்து, அதன்மேல் இன்னும் மூன்று எழுதுவார். ஆறு சுற்று முடிய அரை மணி நேரம். 108 யோசனைகள்வரை கிடைக்கும். பெரும்பாலானவை தேறாது, தேற வேண்டியதும் இல்லை. தாளில் பெயர் வேண்டாம். தரம் பிரிப்பதை மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள். எழுதும்போதே குறை பார்த்தால் துணிச்சலான யோசனைதான் முதலில் காணாமல் போகும்.

கேள்வி மங்கலாக இருந்தால் எந்த முறையும் கைகொடுக்காது. "விற்பனையை எப்படிக் கூட்டுவது?" என்று கேட்டால் தள்ளுபடி, விளம்பரம் என்ற வழக்கமான பதில்களே வரும். "ஒருமுறை வாங்கியவர் மறுமுறை ஏன் வரவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது, பிறந்த குழந்தையை வளர்ந்த ஆளோடு நிறுத்தி அளப்பது. கேமரா பிலிம் விற்ற கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவ் சாசன் 1975-இல் செய்த டிஜிட்டல் கேமரா சுமார் 3.6 கிலோ எடை. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி எடுத்தது. பிலிமோடு ஒப்பிட்டால் தோற்றுத்தான் போகும். நிறுவனம் பின்னாளில் டிஜிட்டல் கேமராக்களை விற்கத்தான் செய்தது. ஆனால் லாபமெல்லாம் பிலிமில் இருந்ததால் அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. 2012 ஜனவரியில், கடன் கொடுத்தவர்களிடமிருந்து காத்துக்கொள்ள, நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கோரியது. புது யோசனையிடம் இன்றைய லாபத்தைக் கேட்காமல், எந்தக் குறை காலப்போக்கில் தானே குறையும், எது குறையாது என்று பிரித்துப் பாருங்கள்.

சோதனையிலும் சறுக்குகிறார்கள். விளக்கிச் சொல்லி "பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் மரியாதைக்காக ஆமாம் என்பார்கள்; சில நேரம், கையில் எடுத்துப் பார்க்காததால் வேண்டாம் என்பார்கள். அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனத்தின், ஒட்டிப் பிரிக்கக்கூடிய குறிப்புத்தாள் 1977-இல் நான்கு நகரங்களில் விற்பனைக்கு வந்தபோது சரியாகப் போகவில்லை. மறு ஆண்டு பாய்ஸி நகரில் மாதிரிகளை இலவசமாகக் கொடுத்தார்கள். பயன்படுத்தியவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் வாங்குவோம் என்றனர். 1980-இல் அமெரிக்கா முழுக்க போஸ்ட்-இட் என்ற பெயரில் வந்தது.

நீங்களும் 20, 30 பேர் கையில் கொடுங்கள். இரண்டு வாரத்தில் எத்தனை பேர் தாமாகத் திரும்பக் கேட்கிறார்கள் என்று எண்ணுங்கள். எத்தனைக்குக் கீழே போனால் கைவிடுவது என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதிவையுங்கள். பின்னால் எழுதினால் ஆசைக்கு ஏற்ப எண் மாறிவிடும். விலை, வடிவம், பெயர் மூன்றையும் ஒரே சோதனையில் மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும்.