வெளிநாட்டில் பொதுச் சுகாதாரப் பயிற்சி: குமரி மாவட்ட மாணவர் செய்ய வேண்டியவை

பொதுச் சுகாதாரத்தில் முதுநிலை படிக்கும் மாணவர்கள் பலர், எந்த நாட்டுக்குப் போவது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, என்ன வேலை என்பதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். 1922-இல் எவரெஸ்ட் பயணத்தை முடித்துக்கொண்டு நம் மாவட்டத்து நெய்யூருக்கு வந்த ஆங்கிலேய மருத்துவர் டாக்டர் சாமர்வெல், அங்கிருந்த மருத்துவத் தேவையைக் கண்டு அங்கேயே பணிபுரிய முடிவெடுத்தார். ஆனால் அவருக்குப் பல ஆண்டுகள் இருந்தன. எட்டுப் பத்து வாரங்கள் மட்டுமே கையில் உள்ளவர், வேலையைத் தீர்மானித்த பிறகுதான் விமானச் சீட்டு வாங்க வேண்டும்.

ஆகவே விண்ணப்பத்துக்கு முன்பே ஒரு பக்க வேலைத்திட்டம் எழுதிக்கொள்ளுங்கள். 'தாய்சேய் நலம் குறித்த ஆய்வு' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. 'மூன்று சுகாதார நிலையங்களில், கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதங்களுக்குள் பதிவு செய்யாமல் தாமதிப்பதற்கான காரணங்கள்' என்று எழுதினால், எந்தப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதெல்லாம் தானாகவே தெளிவாகும். கடைசி வாரத்தில் அந்த நிலையத்தாரிடம் எதைக் கொடுத்துவிட்டு வருவீர்கள் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். அறிக்கை நம் கல்லூரிக்கு. அவர்களுக்குத் தேவைப்படுவது சுவரில் ஒட்டும் ஓர் அட்டவணையாகவோ திருத்திய ஒரு படிவமாகவோ இருக்கலாம்.

புறப்படுமுன் சொந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியருடன் நான்கைந்து நாள் வீடு வீடாகச் சென்று வருவது, எந்தப் பாடநூலும் தராத பயிற்சி. கர்ப்பிணிகளுக்கான பதிவு எண்ணாகிய பிக்மி எண் எப்படி வழங்கப்படுகிறது, கர்ப்பத்தை உரிய காலத்தில் பதிவு செய்வதோடு முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளது, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரை எப்படி வீட்டுக்கு வருகிறது என்பவற்றை நேரில் பார்த்திருக்க வேண்டும். வெளிநாட்டு அலுவலர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி, 'உங்கள் ஊரில் இதை எப்படிச் செய்கிறீர்கள்?' என்பதுதான். நான் போயிருந்தபோது அதற்குத் தடுமாறியதை இன்றும் கூச்சத்துடன் நினைத்துக்கொள்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தில் பயிற்சி பெற இருபது வயது நிறைந்திருக்க வேண்டும். படித்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது பட்டம் பெற்று ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். பயிற்சிக்காலம் ஆறு முதல் இருபத்துநான்கு வாரம். 2020 முதல் உதவித்தொகையும் உண்டு. தலைமையகம் உள்ள ஜெனீவாவை மட்டுமே குறிவைக்கத் தேவையில்லை. மணிலா, கெய்ரோ, கோபன்ஹேகன், பிரஸாவில் ஆகிய நகரங்களிலும் மண்டல அலுவலகங்கள் இருக்கின்றன. அலுவலகப் பயிற்சியை விடக் களப் பயிற்சியே மாணவருக்குக் கூடுதலாகக் கற்றுத்தரும் என்பது என் கருத்து; ஆனால் அதற்கான செலவைப் பெரும்பாலும் நாமே ஏற்க வேண்டியிருக்கும்.

அனுமதிக்குத்தான் மிகுதியாகக் காலம் பிடிக்கும். மனிதர்களிடம் கேள்வி கேட்டுத் தகவல் திரட்டுவதாயின், நம் கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு அந்த நாட்டின் ஒப்புதலும் வேண்டும். கென்யாவில், உள்ளூர் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்குப் பிறகு, தேசிய அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க ஆணையத்திடம் ஆய்வு உரிமமும் பெற வேண்டும். இவற்றை நான்கு மாதம் முன்னரே தொடங்குவது நல்லது. விசா விஷயத்தில் வளைகுடாவில் இருக்கும் அத்தானோ சித்தப்பாவோ சொல்லும் யோசனை அன்போடு வருவதுதான். ஆனால் அவர்கள் அறிந்தது வேலை விசா. சுற்றுலா விசாவில் போய்ச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்குச் செவிகொடுக்க வேண்டாம். பயிற்சிக்கு எந்த வகை விசா என்பதை அழைக்கும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

வினாத்தாளை மொழிபெயர்த்தவுடன் களத்துக்கு எடுத்துச் செல்லக் கூடாது. சென்னையில் எழுதிய வினாத்தாளைக் களியக்காவிளையில் அப்படியே வாசித்தால், நோயைத் 'தீனம்' என்று சொல்லிப் பழகிய ஒரு பாட்டி எத்தனை கேள்விகளுக்குச் சரியாக விடை சொல்வார் என்று எண்ணிப் பாருங்கள். கென்யாவில் பேசப்படும் சுவாஹிலி மொழியிலும் ஊருக்கு ஊர் வழக்கு மாறும். முதல் இரண்டு வாரத்தை, உள்ளூர் சுகாதாரப் பணியாளர் ஒருவருடன் பத்துப் பதினைந்து பேரிடம் கேட்டுப் பார்த்துச் சொற்களைத் திருத்துவதற்கே ஒதுக்குங்கள். அவருடைய உழைப்புக்கு அறிக்கையில் பெயர் போட வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

உடல்நல ஏற்பாடுகளில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி முக்கியம். கென்யா போன்ற நாடுகளிலிருந்து திரும்பும்போது சான்றிதழ் இல்லையென்றால், திருவனந்தபுரத்தில் இறங்கினாலும் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த இந்திய விதிகள் இடம் தருகின்றன. ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அரசு அனுமதித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள், கிண்டி கிங் நிலையம் அவற்றில் ஒன்று. மலேரியாத் தடுப்பு மாத்திரையை மருத்துவர் ஆலோசனைப்படி தொடங்கி, ஊர் திரும்பிய பின்னும் சொன்ன நாள் வரை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும்; டாக்சிசைக்ளின் என்றால் அது நான்கு வாரம். திரும்பிய சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், நாகர்கோவிலில் டெங்குவையோ எலிக்காய்ச்சலையோதான் முதலில் சந்தேகிப்பார்கள். எந்த நாட்டில், எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதை அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.