கத்தரிப் பூவைப் பிரித்துப் பார்த்து சொலானேசி குடும்பத்தை இனங்காண்பது எப்படி?

கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, மணத்தக்காளி, சுண்டை, தூதுவளை, புகையிலை, ஊமத்தை ஆகிய அனைத்தும் சொலானேசி என்னும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 2,700 சிற்றினங்கள் கொண்ட இக்குடும்பத்தில் செடி, கொடி, புதர், சிறுமரம் என எல்லா வடிவங்களும் இருப்பதால், இலையையும் உயரத்தையும் மட்டும் பார்த்து முடிவுக்கு வந்தால் பெரும்பாலும் ஏமாந்துபோவோம். பூவைப் பிரித்துப் பார்ப்பதே நம்பத்தக்க வழி. அன்று மலர்ந்த கத்தரிப் பூக்கள் சில, புதிய பிளேடு, குண்டூசி, கறுப்புத் தாள், கைலென்ஸ் ஆகியவை போதும்.

படி 1: செடியைப் பார்த்தல்

இலைகள் எதிரெதிராக அல்லாமல் மாறி மாறி அமைந்திருக்கும். இலைக்காம்பின் அடியில் வளரும் சிறு செதிலாகிய இலையடிச் செதில் இராது. கத்தரி இலையின் அடிப்புறத்தை லென்ஸ் வழியே பார்த்தால், ஒவ்வொரு ரோமமும் நட்சத்திரம் போலக் கிளைத்திருப்பது தெரியும். இது குடும்பம் முழுவதற்கும் பொதுவன்று; மிளகாயில் இதைத் தேட வேண்டாம்.

படி 2: புல்லி வட்டம்

ஐந்து புல்லி இதழ்கள் அடியில் இணைந்திருக்கும். பூ வாடிய பின்னும் அவை உதிர்வதில்லை. கத்தரிக்காயின் காம்படியைப் போர்த்தியிருக்கும் பச்சைப் பகுதி இந்தப் புல்லி வட்டமேயாகும். சொடக்குத் தக்காளியில் இது மேலும் வளர்ந்து, காய் முழுவதையும் பை போல மூடிவிடுகிறது.

படி 3: அல்லியும் மகரந்தத்தாள்களும்

இங்கே அவசரப்பட வேண்டாம். ஊதா நிற இதழ்களாலான அல்லி வட்டத்தின் ஒரு பக்கத்தை பிளேடால் நெடுக்காகக் கீறி, விரித்து வைத்து, குண்டூசியால் மகரந்தத்தாள் ஒன்றை மெல்ல நெம்பிப் பாருங்கள். அது அல்லியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். அல்லி மடல்களுக்கு நேரே அல்லாமல், இரு மடல்களுக்கு இடையே நிற்கும். அல்லி மடல்களும் மகரந்தத்தாள்களும் ஐந்தைந்து என்பதே பொது விதி. பயிரிடப்படும் கத்தரியில் ஆறும் அதற்கு மேலும் காண்பது இயல்பு.

அடுத்து, மஞ்சள் நிற மகரந்தப்பையின் நுனியை லென்ஸில் பாருங்கள். அங்கே சிறு துளைகள் இருக்கும். இன்னொரு பூவைக் கறுப்புத் தாளின் மேல் கவிழ்த்துப் பிடித்து விரலால் சுண்டினால், அத்துளைகள் வழியே மகரந்தத் தூள் கொட்டும். இறக்கைத் தசைகளை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கும் தச்சுத் தேனீக்கள் செய்வதும் இதைத்தான். மிளகாய்ப் பூவிலோ மகரந்தப்பை நீளவாக்கில் வெடிக்கும். ஆகவே நுனித்துளை, குடும்பத்தின் உட்பிரிவான கத்தரிப் பேரினத்தைக் காட்டும் நல்ல அடையாளமே தவிர, குடும்பத்தின் அடையாளமன்று.

படி 4: சூற்பை

அல்லியை நீக்கியதும், பின்னர் காயாக வளரும் சூற்பை தெரியும். பாகல், வெள்ளரிப் பூக்களில் அது இதழ்களுக்குக் கீழே இருக்க, இங்கே மேலே இருக்கிறது. அதைக் குறுக்கே வெட்டினால் இரண்டு அறைகளும், நடு அச்சிலிருந்து புடைத்து நிற்கும் சதைப்பகுதியில் நெருக்கமாக ஒட்டிய சூல்களும் (விதையாகும் சிறுமணிகள்) காணப்படும். சூற்பையை உருவாக்கும் சூலக இலைகள் இரண்டும் நேராக அல்லாமல் சற்றே சாய்ந்து அமைவதை இக்குடும்பத்தின் தனி முத்திரை என்றே கூறலாம். தொடக்கநிலையினருக்குச் சூற்பை மிகச் சிறியதாகத் தோன்றினால், மணத்தக்காளிக் காயை வெட்டிப் பார்க்கலாம். சந்தையில் விற்கும் பெரிய தக்காளி இதற்கு ஏற்றதன்று. தேர்ந்தெடுத்து வளர்த்ததன் விளைவாக அதில் அறைகள் பெருகிவிட்டன.

படி 5: ஊமத்தையோடு ஒப்பிடுதல்

நீண்ட புனல் வடிவில், கத்தரிப் பூவோடு எந்த உறவும் இல்லாதது போல் தோன்றும் ஊமத்தைப் பூவிலும் இணைந்த அல்லிகள், அவற்றில் ஒட்டிய ஐந்து மகரந்தத்தாள்கள், மேல்மட்டச் சூற்பை ஆகிய மூன்றும் இருக்கின்றன. இதன் இரண்டு அறைகளைப் பொய்த் தடுப்பு ஒன்று நான்காகப் பிரிக்கிறது. கனியும் சதைக்கனியன்று, முட்கள் நிறைந்த வெடிகனி. புல்லிக் குழாயின் மேற்பகுதி உதிர்ந்து, அடிப்பகுதி மட்டும் காயின் கீழே வளையமாகத் தங்கியிருக்கும்.

ஊமத்தையின் எல்லாப் பாகங்களும் நஞ்சு. அதன் சாறு பட்ட விரலால் கண்ணைத் தொட்டாலே கண்மணி விரிந்து பார்வை மங்கும். ஆகவே கையுறை அணிந்து வெட்டுங்கள், பிளேடைத் தாளில் பொதிந்து அகற்றுங்கள், கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். குழந்தைகள் உடனிருந்தால் இந்தப் படியைப் படத்தைப் பார்த்தே முடித்துக்கொள்ளுங்கள்.